தாராவின் தீனும் வளர்ச்சியும்

லாசாலில் வாழும் எமது குடும்பங்களுக்கு ஆற்றோரத்து றப்பிட் பூங்கா புதிய இடமன்று. கோடை மாலைகளில் அங்கு செல்லும் பெற்றோர் பலர், முதல்நாள் மிஞ்சிய பாணையும் ஒரு பையில் எடுத்துச் செல்வர். சென் லோரன்ஸ் நதியில் நீந்தும் பச்சைத்தலைக் காட்டுத் தாராக்களுக்கு அதனைப் பிய்த்துப் போடுவதில் சிறுவர்க்குப் பெருமகிழ்ச்சி. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியம் பறவைக்கு நன்மை தருகின்றதா? விடை காண்பதற்குத் தாரா உண்ணும் முறையையும் வளரும் முறையையும் அறிதல் வேண்டும்.

தாராவின் அலகோரத்தில் சீப்புப் போன்ற நுண்ணிய தகடுகள் உள்ளன. சேற்றையும் நீரையும் வாய்க்குள் எடுத்து, நீரை வெளியேற்றி, விதை, புழு, நத்தை, பாசி ஆகியவற்றை அது வடித்தெடுக்கின்றது. பண்ணையிலும் இவ்வியல்பு மாறுவதில்லை. சிறிது தீன் உண்டபின் நீரை நாடும். மீண்டும் தீனுக்கு வரும். காய்ந்த மாத்தீன் அலகில் ஒட்டிக்கொள்வதால், பண்ணையாளர் அதனைச் சிறு குளிகைகளாக்கிக் கொடுக்கின்றனர்.

பண்ணைத் தாராக்கள் யாவும் ஒரே வகையின அல்ல. சீனத்திலிருந்து 1873 இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட வெண்ணிறப் பெக்கின் தாராவே வட அமெரிக்காவில் இறைச்சிக்காகப் பெரிதும் வளர்க்கப்படுகின்றது. பொரித்த அன்று ஐம்பது, அறுபது கிராம் நிறையுள்ள குஞ்சு, ஏழு வாரத்தில் மூன்று கிலோகிராமைத் தாண்டிவிடும். தோலின் கீழ் தடித்த கொழுப்புப் படிவதும் இவ்வினத்தின் இயல்பே. மொன்றியலிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள லக் புறோம் பகுதியில் 1912 ஆம் ஆண்டு தொடக்கம் இது வளர்க்கப்பட்டு வந்துள்ளது.

மஸ்கோவித் தாரா தென், மத்திய அமெரிக்காவுக்குரிய வேறோர் இனமாகும். புல்லையும் பூச்சிகளையும் விரும்பி மேயும். இதன் முட்டை பொரிக்க 35 நாட்கள் செல்லும். ஏனையவற்றுக்கு 28 நாட்கள் போதும். வளர்ச்சி மெதுவானது. ஆண் பன்னிரண்டு வாரமளவில் பெட்டையிலும் ஏறத்தாழ இருமடங்கு நிறை பெறும். இறைச்சியிற் கொழுப்புக் குறைவு.

இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட காக்கி காம்பெல் முட்டைக்குப் பெயர்பெற்றது. நற்பராமரிப்பில் ஆண்டுக்கு முந்நூறு முட்டைகள் வரை இடும், உடலோ சிறியது. உண்ணும் தீன் ஓரினத்திற் சதையாகவும் இன்னோரினத்தில் முட்டையாகவும் மாறுகின்றது.

தமிழகத்தின் காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் தாரா மந்தைகளை ஓட்டிச் சென்று மேய்ப்பவர்கள் உள்ளனர். உதிர்ந்த நெல்லும் நத்தையும் புழுவுமே அங்கு தீன். செலவு சொற்பம், வளர்ச்சியும் ஆறுதலானது.

ஆண் மஸ்கோவியையும் பெட்டைப் பெக்கினையும் சேர்த்துப் பெறப்படும் கலப்பினத் தாரா மலட்டுத்தன்மை உடையது. வலசை போகும் நீர்ப்பறவைகள் நெடும்பயணத்துக்கு முன் மிகையாக உண்டு கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. இவ்வியல்பையே பயன்படுத்தி, கலப்பினத் தாராவின் தொண்டையிற் குழாய் செலுத்திச் சோளம் புகட்டி ஈரலைப் பன்மடங்கு பெருக்கச் செய்கின்றனர். கனடாவில் இத்தொழில் கியூபெக்கிலேயே நிலைகொண்டுள்ளது. இந்தியா இவ்வகை ஈரலின் இறக்குமதியை 2014 இல் தடை செய்தது. உண்பதா, தவிர்ப்பதா என்பது அவரவர் மனச்சாட்சிக்குரியது. ஆயினும், அது எவ்வாறு தட்டுக்கு வருகின்றது என்பதை அறிந்தே முடிவு செய்தல் நன்று.

இனிப் பாணுக்கு வருவோம். பாண் வயிற்றை நிரப்புமேயன்றி, வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதத்தை அளிக்காது. நயாசின் என்னும் உயிர்ச்சத்துக் கோழிக்குஞ்சைவிடத் தாராக்குஞ்சுக்குக் கூடுதலாகத் தேவை. அது குறைந்தால் கால்கள் வளைந்துவிடும். பாணால் வயிறு நிறைந்த குஞ்சு, புழுவும் பாசியும் தேடுவதைக் குறைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த உணவோ இன்னும் கொடியது. 1960 இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஓரிலட்சத்துக்கு மேல் மடிந்தன. தாராக்குஞ்சுகளும் அந்நஞ்சுக்குத் தப்பவில்லை. எமக்கு உதவாத பழுதுபட்ட பாண் பறவைக்கும் உதவாது.

மற்றுமோர் எச்சரிக்கை. 2022 இல் பறவைக் காய்ச்சல் கியூபெக்கிலும் பரவியது. லக் புறோமில் பெருந்தொகைத் தாராக்களும் முட்டைகளும் அழிக்கப்பட்டன. கரையில் இறந்தோ நோயுற்றோ கிடக்கும் பறவையைப் பிள்ளைகள் தொடலாகாது.

ஊரில் குளக்கரைத் தாராவுக்கு எவரும் பாண் போட்டதில்லை. தன் தீனைத் தானே தேடிக்கொண்டது. இங்கும் அதற்கு ஆறு உண்டு. அடுத்த முறை பூங்காவுக்குச் செல்கையில் பாண் பையை வீட்டில் விட்டுச் செல்வோம். தலையை நீருள் அமிழ்த்தி வாலை மேலுயர்த்தித் தாரா தன் உணவைத் தேடும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அது பிள்ளைக்கும் நன்று, பறவைக்கும் நன்று.