விஞ்ஞானக் கொப்பியும் எங்கள் பிள்ளைகளும்

எங்கள் பாடசாலைக் காலத்து விஞ்ஞானக் கொப்பியில் தலைப்புகள் மாறுவதில்லை: நோக்கம், உபகரணங்கள், செய்முறை, அவதானம், முடிவு. பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்துப் பிரதி செய்தோம். பரிசோதனை தொடங்குமுன்பே முடிவு தெரிந்திருந்தது. எழுத்து அங்கே கீழ்ப்படிவின் சான்றாகவே இருந்தது.

இதற்கு மாறான முயற்சியொன்று 1996 இல் பிரான்சின் ஆரம்பப் பாடசாலைகளில் தொடங்கியது. பெயர் 'லா மான் அ லா பாத்'. நீயே கைவைத்துச் செய் என்று பொருள் கொள்ளலாம். முன்னின்றவர் ஜோர்ஜ் ஷார்பாக். 1992 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். போலந்தில் பிறந்து சிறுவயதில் பிரான்சுக்கு வந்த யூதர். டாக்கௌ வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர்.

இம்முறையின் மையம் பிள்ளையின் பரிசோதனைக் கொப்பி. ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பனிக்கட்டித் துண்டுகள். ஒன்றைக் கம்பளியால் சுற்றுகிறோம், மற்றதை வெறுமனே விடுகிறோம். எது முதலில் உருகும்? "கம்பளி சூடு தரும், ஆகவே சுற்றியதுதான்" என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். நடப்பது எதிர்மாறு. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. அதனுள் அகப்பட்ட காற்று வெப்பம் ஊடுருவுவதைத் தாமதப்படுத்துகிறது.

முன்கூட்டியே எழுதாவிட்டால், "எனக்கு அப்போதே தெரியும்" என்று பிள்ளை சொல்லிவிடும். எழுதிய ஊகம் அப்படித் தப்பவிடாது. தன் எண்ணம் எங்கே பிழைத்தது என்பதை அது தானே தேட வேண்டியிருக்கிறது. கொப்பியில் பிள்ளையின் சொந்த எழுத்தும், வகுப்பு விவாதித்து ஏற்றுக்கொண்ட முடிவும் தனித்தனியாக இருக்கும்.

மறுப்பும் உண்டு. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், புதிதாகக் கற்பவரின் நினைவாற்றலுக்குப் பெருஞ்சுமை என்று கேர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகியோர் 2006 இல் வாதிட்டனர். இதை நான் பாரதூரமாகவே எடுக்கிறேன். கேள்வியைத் தெரிவுசெய்வதும் விவாதத்தை நெறிப்படுத்துவதும் ஆசிரியர் பொறுப்பு. பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுவது தேடலாகாது.

புலம்பெயர்ந்த தமிழ்ப் பாடசாலைகளைப் பற்றியே என் கவலை. அங்கே தமிழ் பெரும்பாலும் மனனத்துக்கும் மேடைக்கும் உரிய மொழி. பிள்ளைகள் ஐயப்படுவதும் காரணம் தேடுவதும் பிரெஞ்சில், ஜேர்மனில், நொர்வேஜியனில். வாரத்தில் ஒருமுறை அந்தப் பனிக்கட்டியைப் பற்றித் தமிழில் ஊகித்து, பார்த்து, திருத்தி எழுத விடலாம். இலக்கணப் பிழைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதில் உடன்படாத ஆசிரியர்கள் தங்கள் நியாயங்களை இங்கேயே எழுத வேண்டும்.