சுகமுள்ளோர் எழுதும் கடிதங்கள்

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், அந்தி மயங்கும் வேளையில், களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்ற ஏமி கார்மைக்கேல் அம்மையார், கழிப்பிடத்துக்காக வேலையாட்கள் வேண்டாத இடத்தில் தோண்டிவிட்டுப் போயிருந்த குழியை இருட்டில் காணாமல் அதில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. எலும்பு கூடியதும் எழுந்து நடமாடிவிடுவார் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் முதுகின் நோவும், மூட்டுவாதமும், உறக்கமின்மையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, 1951 ஜனவரி 18-இல் உயிர் பிரியும் வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவருடைய உலகம் டோனாவூரில் ஓர் அறைக்குள் அடங்கிப்போயிற்று.

அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் மிஷனரியாக இந்தியா வந்து, அதன்பின் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாதவர் அவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமியர் முதலாக, நாதியற்ற எத்தனையோ குழந்தைகளுக்கு டோனாவூரில் அம்மாவாயிருந்து, நெல்லைச் சீமையின் புழுதியில் ஓயாமல் அலைந்த சரீரம் அது.

படுக்கையில் கிடந்தவருக்குப் பக்தி நிறைந்த துண்டுப் பிரசுரங்கள் பல வந்து சேர்ந்தன. வியாதியின் நன்மைகளை அவை விஸ்தாரமாக எடுத்தோதின. அவற்றால் தமக்கு யாதொரு ஆறுதலும் கிட்டவில்லை என்று கண்ட அம்மையார், காரணத்தையும் கண்டுகொண்டார்: அவை சுகமுள்ளோர் நோயாளிகளுக்கு எழுதியவை. ஆகவே, நோயாளியாகிய தாமே நோயாளிகளுக்கென்று கடிதங்கள் எழுதத் தலைப்பட்டார். அவற்றின் தொகுப்பே 1933-இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்னும் நூல். சுகமுள்ளோர் நோயாளிகளுக்கு ஆறுதல் மொழிவது நம் வீடுகளிலும் நடப்பதுதானே? ஆரஞ்சுப் பழங்களைத் தலைமாட்டில் வைத்து, எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று மொழிந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துபோகும் உறவினரின் வாக்கு பொய்யன்று. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை அவர் இன்னும் சம்பாதிக்கவில்லை.

அம்மையாரின் சந்தோஷம், வேதனையை வேதனையன்று என்று சாதித்த சந்தோஷமன்று. சுகம் வேண்டி அவரும் ஜெபித்தார், டோனாவூர்க் குடும்பம் முழுவதும் ஜெபித்தது, கேட்டது கிட்டவில்லை. ஜெபம் பலித்ததனால் உண்டாகும் மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள விசுவாசம் அதிகம் வேண்டியதில்லை. பலிக்காத ஜெபத்துக்குப் பின்னரும் தேவன் தம்மைக் கைவிடவில்லை என்ற நிச்சயத்தில் ஒருவர் நிலைத்திருப்பதும், அந்த நிச்சயம் நாளடைவில் ஆனந்தமாய்க் கனிவதுமே நம்மைத் திகைக்க வைக்கின்றன. பிலிப்பி சபைக்குப் பவுல் அடிகள் எழுதிய மகிழ்ச்சி நிரம்பிய நிருபமும் சிறையிலிருந்து பிறந்ததே என்பதை, அதைக் கலியாண வாழ்த்து மடல்களில் அச்சிடும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அம்மையாரின் அந்த ஆனந்தம் கண்களை மூடிக்கொண்டு தியானத்தில் லயித்திருக்கவில்லை. ஓயாமல் வேலை செய்தது. ஊழியருக்கும் பிள்ளைகளுக்கும் சிறு சீட்டுகள் படுக்கையிலிருந்து போய்க்கொண்டேயிருந்தன; புத்தகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பிறந்த நாள் இன்னதென்று அறியாத குழந்தைகள் பலர் இருந்தமையால், அவர்கள் டோனாவூர் வந்து சேர்ந்த நாளையே திருநாளாகக் கொண்டாடுவது அங்கே வழக்கம். அம்மா எழுந்து வர இயலாத காலத்திலும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

நோவு மிகுந்த இரவுகளையும், மனம் சோர்ந்த பொழுதுகளையும் அவர் தம் எழுத்தில் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்தபின்னரே, மற்றப் பக்கங்களில் அவர் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்வதை நான் நம்பினேன்.