நொண்டாத நாய்க்கும் மூட்டு தேயும்

தியாகராய நகர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “எங்கள் லேப்ரடாருக்கு எட்டு வயது. காலையில் எழுந்திருக்கத் திணறுகிறது. நாலு எட்டு வைத்தால் சரியாகிவிடுகிறது. வலி என்றால் கத்தாதா?”

கத்தாது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. நரம்பில்லாததால் தேயத் தொடங்கும்போது சேதி போகாது. சரி, ரத்தமே எட்டாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது?

தயிர்வடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனால் அமுக்கினால் தயிரைக் கக்கும், விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். நாய் காலை ஊன்றும்போது குருத்தெலும்பும் இப்படித்தான் நீரைக் கக்குகிறது. காலைத் தூக்கியதும் மூட்டுத் திரவத்தை இழுத்துக்கொள்கிறது. ஊட்டம் அந்தத் திரவத்தோடு வந்து சேர்கிறது. நடைதான் அதற்குச் சாப்பாடு. இழுக்கும் வேலையைச் செய்பவை, கொலாஜன் வலைக்குள் சிக்கிக் கிடக்கும் பெரிய சர்க்கரைப் புரதங்கள். அவற்றின் எதிர்மின்னூட்டம் சோடியம் அயனிகளை ஈர்க்க, பின்னாலேயே தண்ணீரும் நுழைகிறது. வலை இறுக்கமாக இருக்கும்வரை வடை விறைப்பாக நிற்கும். வலை கிழிந்தால் முதலில் ஊறி உப்பும், பிறகு ஓரம் உதிரும். உதிர்ந்த தூள் தயிரைக் கெடுக்கும்: மூட்டின் உள்சவ்வு அழற்சி கண்டு, நொதிகள் பெருகி, திரவம் நீர்த்துப்போகும். கெட்ட தயிர் மிச்ச வடையையும் கரைக்கும். மேலே தூவும் காராபூந்திக்கு மூட்டில் இணை எதுவும் இல்லை; ஆகவே வடையை இத்துடன் விடுகிறேன்.

நரம்புள்ள சவ்வும் அடியிலுள்ள எலும்பும் பாதிக்கப்பட்ட பிறகே வலி. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்பு மாறிய பிறகுதான் அதில் ஏதாவது தெரியும். ஆகவே நொண்டும்வரை காத்திருக்காதீர்கள். மாடிப்படியில் பின்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்து வைக்கிறதா? உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டுகிறதா? ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா? இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள்; வலிக்கிற காலில் சதை வற்றியிருக்கும். எழுந்திருக்கும் காட்சியை வீட்டிலேயே செல்போனில் எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போனதும் பயத்திலோ உற்சாகத்திலோ நன்றாகவே நடந்து காட்டிவிடும்.

இனி மருந்துக்கு வருவோம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளைக் கொன்றதால், 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. மாற்றாக வந்த மெலாக்சிகாம் நாய்களின் மூட்டுவலிக்கும் பயன்படுகிறது. அதற்காக வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துப் போட்டுவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும்.

‘மூட்டைப் புதுப்பிக்கும்’ பவுடர்கள்? குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் வந்த தொகுப்பாய்வில் வலி குறைந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. சான்று இருப்பது விளம்பரமே இல்லாத ஒரு வைத்தியத்துக்கு. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி சேர்த்து, ஒன்றுக்குக் கால் பங்கு குறைத்துச் சோறு போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைத்துத் தின்றவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாக வந்தது. ஆயுளின் இடைநிலை அளவு 11.2 ஆண்டிலிருந்து 13 ஆனது. முடிவு 2002-இல் வெளியானது. நாய் உணவு விற்கும் நிறுவனமே செலவு செய்த ஆய்வு என்பது கூடுதல் சுவாரசியம்.

வழுக்கும் கிரானைட் தரையில் பழைய பாயை விரியுங்கள். தினமும் ஒரே அளவு நிதானமாக நடக்க வையுங்கள்; வாரமெல்லாம் கட்டிப்போட்டு ஞாயிறன்று கடற்கரையில் ஓட விடுவது மூட்டுக்குக் கேடு. பிறகு விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லையென்றால், தாத்தா, பாட்டி, பேரன் என்று ஆளுக்கொன்றாக யாருக்கும் தெரியாமல் போடும் பிஸ்கட்டில் வைத்தியத்தைத் தொடங்கலாம்.