கோழிக்கும் வெயில் சுடும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை இலங்கையின் மேற்கு மலைகளிலேயே கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்டு இறங்கும். கொஸ்லந்தத் தோட்ட லயங்களில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அப்போது கோழியின் வாயைக் கவனியுங்கள். அலகைத் திறந்து, இறக்கையை அகட்டி இரைக்கிறதா? கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சுமார் 41 பாகை உடம்புச் சூடு மேலும் ஏறாமல் முக்கியமாக மூச்சிரைத்தே தணிக்கிறது. ஓயாமல் இரைத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து முட்டை ஓடும் மெலிந்துவிடும்.

கூட்டின் தகரக் கூரைமேல் நனைத்த சாக்கைப் போடுங்கள். பீலித் தண்ணீரை நிழலில் வைத்து, நண்பகலில் மாற்றுங்கள். தீனி விடியலிலும் மாலையிலும் போதும். செரிமானமும் உடம்பைச் சூடாக்கும். அடைக்கோழி, பாவம், தாகமெடுத்தாலும் லேசில் எழும்பாது. அதன் அலகுக்கு எட்டும் இடத்திலேயே தண்ணீர் வையுங்கள்.