முதல் மிரர்லெஸ் கேமரா: மவுண்ட்டைப் பார்த்து வாங்குவோம்

மிரர்லெஸ் கேமரா வாங்கப் புறப்படும் நாம் மெகாபிக்சலையும் விலையையும் ஒப்பிடுகிறோம். லென்ஸைப் பொருத்தும் வளையமான மவுண்ட்டைக் கவனிப்பதில்லை. கேமராவைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவோம். லென்ஸுகளோ நம்மிடமே தங்கும். அவை அடுத்த கேமராவிலும் பொருந்துமா என்பதை அந்த வளையமே முடிவு செய்கிறது.

கேனானின் எம்50 நல்ல கேமராதான். பழையதாக வாங்கினால் மலிவும்கூட. ஆனால், 2012இல் தொடங்கிய அதன் இஎஃப்-எம் வரிசை நின்றுபோயிற்று. அந்த லென்ஸுகள் 2018இல் வந்த ஆர்எஃப் மவுண்ட்டில் பொருந்தா. மாறாக, பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவின் இஎஃப் லென்ஸ் வீட்டில் இருந்தால், அடாப்டர் வழியே அது ஆர்50 கேமராவில் ஆட்டோஃபோகஸுடன் இயங்கும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலோ, பழைய ஏஎஃப்-டி லென்ஸுகளைக் கையால் திருப்பியே ஃபோகஸ் செய்ய வேண்டும். சோனியின் ஈ மவுண்ட்டுக்குச் சிக்மா, டாம்ரான் லென்ஸுகளும் கிடைப்பதால் தேர்வு விரிகிறது.

ஆர்50 உடன் வரும் 18–45 மி.மீ. லென்ஸ் பகல் வெளிச்சத்திற்குப் போதும். இரவில், வீட்டினுள் ஓடியாடும் குழந்தையை எடுத்தால் படம் கலங்கும். அதற்கு எஃப்/1.8 லென்ஸ் தேவை. மலிவென்று 50 மி.மீ. வாங்கிவிடுகிறோம், ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 75 அல்லது 80 மி.மீ. போல் நெருங்கிக் காட்டும். சிறிய கூடத்தில் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டுவோம்! அங்கே 35 மி.மீ. லென்ஸே உதவும்.

எனவே, தவணையில் வாங்குவோர் இந்த இரண்டாவது லென்ஸின் விலையையும் சேர்த்தே மாதத் தொகையைக் கணக்கிடுவது நலம்.