மலையை அறிந்தவர் மன்றம் ஏறவேண்டும்

மலைநாட்டில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் ஓடை சிவந்துவிடுகிறது. “இந்த நிறம் எங்கிருந்து வந்தது?” என்று மாணாக்கரைக் கேட்பது நமது வழக்கம். மலையின் மேன்மண் கரைந்தோடுகிறது என்று எல்லாரும் உடனே விடை கூறுவர். அதனைத் தடுக்கச் சட்டஞ் செய்ய வேண்டியவர் யார் என்று கேட்டாலோ, வகுப்பு மௌனமாகிவிடும். அம்மௌனத்தைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நமது மலைநாட்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாய்ப் பணிபுரிகிறது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. அதே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்றவர் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை. அவர் விஞ்ஞானி அல்லர். தோட்டத்திலே பிறந்து, ஆசிரியராய் உயர்ந்தவர். அவரையுஞ் சேர்த்து இலங்கை இந்தியன் காங்கிரஸார் எழுவர் அன்று தெரிவாயினர். ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையடுத்துத் தோட்ட மக்கள் வாக்குரிமையையும் இழந்தனர். 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் வெற்றிபெறும் வரை, தேர்தலில் வென்று அம்மக்களுக்காகப் பேச ஒருவர் வரவில்லை.

வாக்குத் திரும்பிய பின்னரேனும் அறிவும் அதிகாரமும் கைகோத்தனவா? கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கு மண்சரியும் அபாயம் உண்டென்று நிபுணர்கள் 2005இலும் 2011இலும் எச்சரித்தனர். மக்களோ அதே லயங்களில்தான் வாழ்ந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில் மலை இறங்கிற்று. லயங்கள் மண்ணுள் மறைந்தன. விஞ்ஞானம் பேசிற்று, ஆனால் வேறு நிலங் கொடுத்துக் குடியேற்றும் அதிகாரம் அதன் கையில் இல்லை.

இவ்விரண்டையும் ஒருவரே பெற்றால் என்னாகும் என்பதற்குக் கென்யா நாட்டு வங்காரி மாத்தாய் அம்மையார் ஓர் உதாரணம். அவர் பிறந்த நியேரிப் பகுதியும் நம்முடையதைப் போன்றே தேயிலை விளையும் மலைநாடு. உயிரியல் கற்று, 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஓடைகள் வற்றுவதையும், பெண்கள் விறகுக்காக நெடுந்தூரம் நடப்பதையும் கண்டு, 1977இல் மரநடுகை இயக்கத்தைத் தொடங்கினார். காட்டைக் காக்க நின்றதற்காக அடியும் சிறையும் பட்டார். 2002இல் நூற்றுக்கு 98 வாக்குகள் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்தார். மறுவருடம் சுற்றாடல் துணையமைச்சரானார். 2004இல் நோபல் சமாதானப் பரிசு அவரைத் தேடி வந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் மட்டுமே அவரை மன்றத்தில் ஏற்றவில்லை. கிராமத்துப் பெண்களோடு கால் நூற்றாண்டு மண்ணில் நின்ற பின்னரே மக்கள் அவரை நம்பினர்.

ஆகவே, பெற்றோரே! பிள்ளை சுற்றாடல் விஞ்ஞானம் கற்க விரும்பினால், “இதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?” என்று கேட்டுத் தடுத்துவிடாதீர்கள். மாணாக்கரே! கற்ற பின் உங்கள் லயத்தை மறந்துவிடாதீர்கள். அபாயச் சரிவில் இன்னும் எத்தனை குடும்பங்கள் உள்ளன, அவர்களுக்கு நிலம் எங்கே, எந்த நாளில் என்று சபையில் எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். அவர் மண்ணின் குணமும் மக்களின் துயரும் அறிந்தவராயிருந்தால், அக்கேள்விக்கு மழுப்பலாக விடை கூறுவது எவர்க்கும் எளிதாகாது.