அழித்தால் அழிந்துவிடுமா, அனுப்பிய செய்தி? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காக, கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். வழக்கிலிருந்து அவர் முழுமையாக விடுபட்டது 2023 ஜனவரியில்தான். இந்நிலையில், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்ட விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளதால், இணைய உரையாடல்கள் குறித்துப் பல சந்தேகங்கள் எழுந்துள்ளன.

தெரிந்தவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் வழக்கானது எப்படி?

அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, அவரது கட்சியைச் சேர்ந்த முகுல் ராய், ரயில்வே அமைச்சர் பதவியை இழந்த தினேஷ் திரிவேதி ஆகியோர் பற்றிய அந்தச் சித்திரம், சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படத்தைத் தழுவியது. பேராசிரியர் அதை வரையவில்லை. தமது குடியிருப்புச் சங்க உறுப்பினர்களுக்கு ஃபார்வேர்டு மட்டுமே செய்தார். புகாரின்பேரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின், புண்படுத்தும் இணையச் செய்திகளைக் குற்றமாக்கிய 66ஏ உள்ளிட்ட பிரிவுகளில் வழக்கு பதிவானது. சங்கச் செயலாளரும் கைதானார்.

66ஏ பிரிவு ரத்தான பிறகும் வழக்கு நீடித்தது ஏன்?

அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. எனினும் நிலுவை வழக்குகள் தாமாக முடிந்துவிடுவதில்லை. விசாரணை நீதிமன்றம் விடுவித்து உத்தரவிட வேண்டும். 66ஏ-இன் கீழ் எவர் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் வலியுறுத்திய பிறகே அலிப்பூர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. செல்லாத சட்டப்பிரிவுக்காக ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வழக்கைச் சுமக்க நேர்ந்தது கடுமையான அநீதி; கைதான இருவருக்கும் தலா ரூ.50 ஆயிரம் இழப்பீடு வழங்க மாநில மனித உரிமை ஆணையம் 2012-லேயே பரிந்துரைத்திருந்தது.

வாட்ஸ்அப் உரையாடலை மூன்றாம் நபர் படிக்க முடியுமா?

2016 முதல் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால், இடைவழியில் நிறுவனமே படிக்க இயலாது. ஆனால் பெற்றவரின் கைபேசியில் அது திறந்த செய்திதான்; அவர் யாருக்கும் காட்டலாம்.

'அனைவருக்கும் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

அனுப்பியதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள் மட்டுமே அந்த வசதி உண்டு. அதற்குள் எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட், பிறருக்கு ஃபார்வேர்டு செய்த பிரதி ஆகியவை அழியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, உரிய சான்றிதழுடன் மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக அளிக்கலாம்.

பழைய செய்தியை அழிக்குமாறு புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாமா?

அந்த உரிமை நடைமுறைக்கு வந்த பிறகு நிறுவனங்களிடம் கேட்கலாம்; நண்பரிடம் இச்சட்டப்படி கோர இயலாது. தனிநபர் தமது சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு 2023-ஆம் ஆண்டின் இச்சட்டம் பொருந்தாது. நிறுவனங்களும், வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய தரவை அழிக்கத் தேவையில்லை. அழிக்கக் கோரும் உரிமை, விதிகள் வெளியான 18 மாதங்களுக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்.